வேலையில்லாதோர் உதவித்தொகை ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: பி.காம். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் ஆனதும் தமிழக அரசின் உதவித்தொகை வாங்கினேன். ஒரு வருடம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இப்போது தொலைதூரக் கல்வியில் எம்.காம். படிப்பதுதான் காரணமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: இல்லைம்மா, தினமும் கல்லூரிக்குப் போய்ப் படித்தால்தான் தடை, தொலைதூரக் கல்வி பிரச்சினையே இல்லை. எனக்குப் படுவது, ஆண்டுதோறும் தர வேண்டிய சுய உறுதிமொழி ஆவணத்தை நீங்கள் கொடுக்கவில்லை. விண்ணப்பத்தோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், ஆனால் இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று வருடா வருடம் எழுதிக் கொடுத்தால்தான் 3 ஆண்டு வரை பணம் வரும். பதிவு அட்டையையும் பாருங்கள், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவே காலாவதியாகிவிடும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, இந்தக் காலத்தில் அது ரொம்பக் குறைவான வரம்பு, உயர்த்தியே ஆக வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான், அதுவும் காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், அதனால் இரண்டு மாதம் காணோமே என்று பயப்பட வேண்டாம். வங்கிப் புத்தகம், பதிவு அட்டையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். உதவித்தொகை வாங்குவதால் உங்கள் பதிவு மூப்பு போகாது, தயங்காமல் கேளுங்கள்.