சத்திரக்காரனை மறந்துவிட்டோம்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து மாதம் ஒருமுறை முதியோர் இல்லத்துக்குப் போகிறார்கள். நாலைந்து பேருக்கு மேல் வருவதில்லை. இப்போது பன்னிரண்டு வாலிபர்களைப் பத்து நாள் ஊழியப் பயணமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் காணிக்கை திரட்டுகிறார்கள். அங்கே ஒரு அநாதை இல்லத்துக்குப் பெயின்ட் அடித்து, பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு நடத்தப் போகிறார்களாம். பக்கத்தில் இருக்கும் ஏழையை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போவது சரியா? சபைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசலாம் என்றிருக்கிறேன். (நான் இரண்டுக்கும் போனதில்லை, வேலை அப்படி.)

பதில்: தாராளமாகப் பேசுங்கள், ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லி வேண்டாம். 'இங்கே இல்லாத ஏழையா' என்பது கேட்க நன்றாக இருக்கும், நிற்காது. அதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இங்கே இருக்கிற ஏழையைப் போய்ப் பார்க்கிறார்கள்? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரிதான். முதியோர் இல்லத்துக்கு நாலைந்து பேர் மட்டும் வருவதற்கு வெளிநாட்டுப் பயணம் காரணமில்லை. பயணத்தை நிறுத்திவிட்டாலும் அதற்காக ஆறாவது ஆள் வரப்போவதில்லை.

பைபிளில் இந்தச் சண்டையே கிடையாது. அந்தியோகியா சபையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவரவர் சக்திக்கு ஏற்றபடி பணம் சேர்த்து யூதேயாவில் இருந்தவர்களுக்கு அனுப்புகிறார்கள், இது அப்போஸ்தலர் 11-ல். இரண்டு அதிகாரம் தள்ளி, அதே சபைதான் பர்னபாவையும் சவுலையும் உபவாசித்து, ஜெபித்து, கைவைத்து வெளியே அனுப்புகிறது. யாரை அனுப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்: ஒரு வருஷம் முழுக்க அந்தச் சபையிலேயே இருந்து போதித்தவர்களை, பஞ்ச நிவாரணப் பணத்தை நம்பிக் கொடுத்து அனுப்பிய அதே இருவரை. பிறகு பவுல் என்று அழைக்கப்பட்ட அந்தச் சவுல் பின்னாலும் அப்படித்தான். ஸ்பெயின் போக வேண்டும் என்று அத்தனை ஆசை, ஆனால் முதலில் எருசலேமில் உள்ள ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று ரோமருக்கு எழுதுகிறார் (15-ஆம் அதிகாரம்). அருகே செய்ததும் தூரத்தில் செய்ததும் அவர்களுக்கு ஒரே வேலை, செய்தவர்களும் ஒரே ஆட்கள்.

அதனால் தூரத்தை விடுங்கள். நீங்கள் எதிர்க்க வேண்டியது அந்த அநாதை இல்லத்தை. இதில் கொஞ்சம் நேரம் நிற்கிறேன், ஏனென்றால் நானே செய்த தப்பு இது.

பல வருஷங்களுக்கு முன்னால் இப்படி ஒரு குழுவோடு நானும் போனேன். வேனை விட்டு இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பேர்கூடக் கேட்கவில்லை. என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, நாங்கள் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பாட்டை எங்களுக்கு முன்னால் அவளே பாடி முடித்தாள், எங்களுக்கு முன்பு வந்த குழுவும் அதே பாட்டைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. கிளம்புகிற அன்றைக்கு எங்களில் பாதிப் பேர் அழுதோம். அவள் அழவில்லை, வேன் புறப்படுவதற்கு முன்னாலேயே விளையாடப் போய்விட்டாள். திரும்பி வந்து சபையில் சாட்சி சொன்னபோது அவள் மடியில் ஏறியதைத்தான் சொன்னேன், எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். ரொம்ப நாள் கழித்து, குழந்தைகள் நலத்தில் வேலை செய்யும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: யார் வந்தாலும் மடியில் ஏறுகிற பிள்ளைக்குத் 'தன் ஆள்' என்று யாரும் இல்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் குறித்து வைத்திருக்கும் விஷயம் அது, மாறிமாறி வந்து கொஞ்சிவிட்டுப் போகிறவர்களால் அது இன்னும் ஆழமாகிறது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் ஏன் அழவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று. உலகம் முழுக்க அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். பிள்ளை இல்லத்துக்கு வந்தது பெரும்பாலும் வறுமையால். காணிக்கையோடு வருகிறவர்கள் அதிகமாக அதிகமாக, அந்தக் கட்டிலை நிரப்பப் பிள்ளை தேடுகிற தரகர்களும் உண்டாகிறார்கள். 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படி இல்லங்களுக்குப் பிள்ளைகளைக் கடத்துவதையும் ஆஸ்திரேலியா கணக்கில் எடுத்தது. நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு ஹைட்டியில் நடந்தது இருக்கிறது. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகும்போது எல்லையில் பிடிபட்டார்கள். காப்பாற்றத்தான் கிளம்பியிருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

அப்படியானால் வெளிநாட்டு ஊழியமே வேண்டாமா? வேண்டும். அதற்காக வாழ்க்கையைக் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை குவிகிறது. ஜெர்மனிக்காரரான சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது, 1719-ல் 36 வயதில் அங்கேயே இறந்தார். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவ வேலையை ஆரம்பித்தார். தன் இரண்டு கை போதாது என்று தெரிந்ததும், இந்நாட்டுப் பெண்களுக்கே கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த இடம் இன்றும் நடப்பது அதனால்தான். இவர்கள் எல்லோரும் முதலில் மொழியைக் கற்றார்கள், அப்புறம்தான் வாயைத் திறந்தார்கள்.

ஆனாலும் அந்தக் காலத்து மிஷனரிகளிடமும் ஒரு குறை இருந்தது, அதை முகத்துக்கு நேரே சொன்னவர் நம்மவர். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வி. எஸ். அசரியா பேசினார். ஏழைகளுக்காக உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்றார். இப்படிக் கேட்க அவருக்குத் தகுதி இருந்தது: 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1909-ல் தோர்ணக்கல் போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டு அங்கேயே தங்கி ஊழியம் செய்தவர்.

பத்து நாளில் ஒருவருக்குச் சிநேகிதனாக முடியாது, ஆனால் ஆரம்பிக்கலாம், திரும்பிப் போவதாக இருந்தால். நல்ல சமாரியன் கதையை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் பார்த்து, காயத்தைக் கட்டியது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அவன் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், இதற்கு மேல் செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அங்கேயே இருக்கிற ஆள் கையில் பணம், கணக்கை அவனிடமே விட்டது, திரும்பி வருவேன் என்ற வாக்கு. உங்கள் சபையின் திட்டத்தில் சத்திரக்காரன் யார்? மருத்துவ முகாம் நடத்தி ஒரு மாத ரத்த அழுத்த மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் இரண்டாவது மாதம் யாரிடம் போவார்கள்? சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வது பல நாடுகளில் விதிமீறல். நம் பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகு அதிகாரிகள் கேட்கும் கேள்விக்கு அங்கே அவர்களை வரவேற்ற உள்ளூர்ச் சபையின் போதகர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, கூட்டத்தில் என்ன பேசுவது? போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அங்கே உள்ள அந்தச் சபைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: இந்தப் பன்னிரண்டு பேரும் வராமல் பயணச் செலவு மட்டும் வந்தால் அதை என்ன செய்வீர்கள்? வரும் பதிலை உங்கள் சபை முன்னால் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவேளை அவர்கள், இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் திருப்பி அனுப்ப உதவுங்கள் என்று கேட்கலாம், உள்ளூர் வாலிபன் ஒருவனைப் படிக்க வைக்கச் சொல்லலாம், ஆட்களும் வேண்டும் என்றே சொல்லலாம். ஆட்கள் வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும், அதுவும் அந்த முதியோர் இல்லத்துக்கு இரண்டு வருஷம் விடாமல் போனவர்கள். வாசனைக்கு மூக்கைப் பொத்தாமல், ஒரே கதையை ஏழாவது தடவையும் பொறுமையாகக் கேட்கப் பழகியவர்களை எந்த நாட்டுக்கும் அனுப்பலாம்.

அப்புறம், இதையெல்லாம் பேசி முடித்ததும் முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுங்கள். வேலை இருக்கும், தெரியும், மாதத்தில் ஒரு நாள்தான் கேட்கிறேன். போகும்போது ஒரு நகவெட்டி எடுத்துப் போங்கள். வயதானவர்களுக்குக் குனிந்து கால் நகம் வெட்ட முடியாது, வளர்ந்து தடித்து செருப்பில் இடிக்கும், யாரிடமும் கேட்கக் கூச்சப்படுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் காலை வைத்திருந்துவிட்டு வெட்டுங்கள், நேராக, ஓரத்தைக் குடையாமல். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அங்கே இருக்கும் நர்ஸைக் கேட்காமல் காலைத் தொடாதீர்கள்.