நடுநிலைப் பள்ளி சமூக அறிவியலில் மனப்பாடத்தைத் தவிர என்ன இருக்கிறது?

மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், சமூக அறிவியல் என்றாலே மனப்பாடம்தானே, அதில் அப்படி என்ன கற்கப்போகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு முதல் எட்டு வரை இந்தப் பாடத்தை எடுக்கிறவள் நான். எனக்குப் பிடித்த பாடமும் இதுதான்.

வரலாறு, புவியியல், குடிமையியல், கொஞ்சம் பொருளியல். புத்தகத்தில் நான்கும் தனித்தனியாக இருக்கும். வகுப்பு நன்றாக நடந்தால் நான்கும் கலந்துவிடும்.

இன்றைய ஈராக் பகுதியில் இருந்த பழைய மெசொப்பொத்தேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். யூப்ரடீஸ், டைகிரிஸ் நதிகள் கொண்டுவந்த வண்டல் மண்ணில் தேவைக்கு மேல் விளைந்தது. மிஞ்சிய தானியத்துக்குக் களஞ்சியம் வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்கு வேண்டும். களிமண் பலகையில் குறித்துவைத்த அந்தக் கணக்கிலிருந்துதான் அங்கே எழுத்து வளர்ந்தது. மண்ணிலிருந்து எழுத்துவரை ஒரே சங்கிலி என்று தெரியும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் ஹமுராபி. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் அதே மெசொப்பொத்தேமியாவில் பாபிலோனை ஆண்டவர். அவருடைய சட்டங்கள் பொறித்த கல்தூண் இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'கண்ணுக்குக் கண்' என்பது எல்லோருக்கும் தெரியும். அதையடுத்து வரும் சட்டங்களையும் நான் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். உயர்குடிக்காரன் ஒருவன் இன்னொரு உயர்குடிக்காரனின் கண்ணைக் கெடுத்தால், அவன் கண்ணும் போகும். சாமானியனின் கண் என்றால் ஒரு மினா (அந்தக் கால எடை அளவு, சுமார் அரை கிலோ) வெள்ளி. அடிமையின் கண் என்றால் அடிமையின் விலையில் பாதி.

எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு ஏதோ ஒரு மூலையிலிருந்து, "எல்லாம் கண்தானே டீச்சர், அப்புறம் ஏன் மூணு தண்டனை?" என்று வரும். அது வந்துவிட்டால் குடிமையியல் பாடம் பாதி முடிந்த மாதிரி. 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் ஏழாவது பிரிவை, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை, அன்றைக்கு அவர்கள் வாசிக்கிற விதமே வேறு.

வரைபடமும் அப்படித்தான். மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் 1569இல் வெளியிட்ட முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். உலக உருண்டையில் கிரீன்லாந்தின் மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து, கத்தரித்து, ஆப்பிரிக்கா மேல் வைக்கச் சொல்வேன். ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. "அப்போ படம் தப்பா?" என்பார்கள். கடலோடிகள் திசை தவறாமல் போவதற்காக வரைந்த படம் அது, பரப்பளவை அதில் தேடக் கூடாது என்பேன். யார், எதற்காக வரைந்தார்கள் என்று கேட்க அன்று பழகுகிறார்கள்.

பொருளியல் இந்த வயதில் சிறிதுதான்: தேவை, அளிப்பு, வரி எதற்கு என்பது வரை.

சரி, ஆண்டுகளே வேண்டாமா? வேண்டும். 1776 அமெரிக்க விடுதலை, 1789 பிரெஞ்சுப் புரட்சி என்ற வரிசை தெரிந்தால்தான், அமெரிக்கர்களுக்கு உதவப் போர்ச் செலவு செய்து பிரான்ஸின் கஜானா கடனில் மூழ்கியது, புரட்சிக்கு அதுவும் ஒரு காரணம் என்பது பிடிபடும்.

மகள் பாடம் படித்துவிட்டு வந்தால் ஆண்டை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த நகரம் ஏன் அந்த இடத்தில் வந்தது என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு அட்லஸ் இருக்கட்டும்.