அணி வென்றால் சோபா இலவசம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

"நம் அணி கோப்பையை வென்றால், நீங்கள் வாங்கிய பொருளின் முழு விலையும் திரும்பக் கிடைக்கும்" என்று கடைகள் அறிவிக்கும் சலுகைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 16 ஆண்டுகள் இடர் மதிப்பீட்டு வேலை பார்த்தவள் நான். இத்தகைய சலுகைகளுக்குக் காப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுநாளே கடையை மூட வேண்டியதுதானே? எந்தத் தைரியத்தில் அறிவிக்கிறார்கள்?

பதில்: அந்தப் பணம் பெரும்பாலும் கடையின் கல்லாவிலிருந்து வருவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்டன்ஸ் ஃபர்னிச்சர் 2007-இல் செய்ததைப் பாருங்கள். மார்ச் 7 முதல் ஏப்ரல் 16 வரை மெத்தை, கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை வாங்கியவர்களுக்கு, அந்த ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரை பாஸ்டன் ரெட் சாக்ஸ் வென்றால் முழுப் பணமும் திரும்பும் என்று அறிவித்தார்கள். அக்டோபரில் ரெட் சாக்ஸ் இறுதித் தொடரின் முதல் நான்கு ஆட்டங்களிலும் கொலராடோ ராக்கீஸை வீழ்த்திக் கோப்பையை எடுத்துக்கொண்டது. 20,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் பணம் திரும்பியது. கடை முன்கூட்டியே காப்பீடு எடுத்து வைத்திருந்ததால் அந்தச் சுமையைக் காப்பீட்டாளர் ஏற்றார். கடையின் செலவு பிரீமியம் மட்டும்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். சலுகைக் காலத்தில் ஒரு கோடி டாலருக்கு விற்பனை நடக்கிறது. அணி வெல்லப் பத்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாகக் காப்பீட்டாளர் கணிக்கிறார். அப்படியானால் அவருடைய சராசரி இழப்பு பத்து லட்சம். தன் லாபத்தையும் கணிப்பு பிழைத்தால் தாங்குவதற்கான தொகையையும் சேர்த்து 13 லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தொகையைக் கடை 13 சதவீதத் தள்ளுபடியாகவும் கொடுத்திருக்கலாம். ஆனால் 13 சதவீதத் தள்ளுபடி என்ற பலகையை யார் நின்று படிப்பார்கள்? முழுப் பணமும் திரும்பும் என்றால் ஊரே பேசும்.

விற்பனை ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதையும் கவனியுங்கள். அப்போது பருவம் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எந்த அணி தேறும் என்று ஓரளவு தெரிந்த பிறகு சலுகையைத் திறந்து வைக்க எந்தக் காப்பீட்டாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். இங்கே 'மேட்ரஸ் மேக்' என்று ஒரு கடைக்காரர் கோடிக்கணக்கில் பந்தயம் கட்டுகிறார். அவர் சூதாடி இல்லையா?

பதில்: கேலரி ஃபர்னிச்சர் உரிமையாளர் ஜிம் மெக்கிங்வேலைச் சொல்கிறீர்கள். அவருக்குப் பந்தயத்தில் ஆசை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தன் கடைச் சலுகையில் சொன்ன அணியின் மீதே அவர் கட்டும் பந்தயம் பெரும்பாலும் காப்பீட்டின் வேலையைத்தான் செய்கிறது.

2014-இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் சியாட்டில் அணி டென்வரை 43-8 என்று வென்றபோது சுமார் 70 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தார். 2017-இல் பேஸ்பால் உலகத் தொடரை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் வென்றதில் ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கும் உரிமை மாநிலங்களுக்குக் கிடைத்தது. ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் அனுமதிக்கவில்லை. அதனால் அவர் எல்லை தாண்டி லூசியானாவுக்குப் போய்ப் பந்தயம் கட்டுவார்.

2022-இல் 3,000 டாலருக்கு மேல் வாங்கியவர்களுக்கு, ஆஸ்ட்ரோஸ் வென்றால் இரட்டிப்புப் பணம் என்று அறிவித்தார். சீசர்ஸ் என்ற பந்தய நிறுவனத்தில் மட்டும் ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் 30 லட்சம் டாலர் கட்டினார். ஆஸ்ட்ரோஸ் பிலடெல்பியாவை ஆறு ஆட்டங்களில் வென்றது. அந்த ஒரு சீட்டு 3 கோடி டாலர் ஈட்டியது. எல்லாப் பந்தயங்களையும் சேர்த்துச் சுமார் 7.5 கோடி. அதிலிருந்துதான் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்.

2019-இல் ஆஸ்ட்ரோஸ் ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டனிடம் தோற்றது. அவர் கட்டியிருந்த ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட பணம் போய்விட்டது. செய்திகளில் அதைத் தோல்வி என்றுதான் எழுதினார்கள். என் கண்ணுக்கு அது பிரீமியம். மெத்தைகள் விற்றாகிவிட்டன, யாருக்கும் ஒரு காசு திருப்பித் தர வேண்டியதில்லை.

கேள்வி: அணி தோற்றால் வாங்கியவருக்கு நஷ்டம் உண்டா?

பதில்: வாங்கிய விலை நியாயமானதென்றால் இல்லை. சலுகைக்கு முந்தைய வாரம் அந்தப் பொருள் என்ன விலைக்குப் போனது என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சீனாவில் ஒரு நிறுவனம் இதே மாதிரி அறிவித்துச் சிக்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். என்ன நடந்தது?

பதில்: நல்ல வேளை, கேட்டீர்கள். எல்லோரும் படிக்க வேண்டிய கதை இதுதான்.

சமையலறைச் சாதனங்கள் தயாரிக்கும் வட்டி என்ற நிறுவனம் 2018 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன், பிரான்ஸ் வென்றால் குறிப்பிட்ட தொகுப்புகளை வாங்கியவர்களுக்கு முழுப் பணம் என்றது. ஜூலை 15 அன்று பிரான்ஸ் குரோஷியாவை 4-2 என்று வென்றது. திருப்பித் தர வேண்டியது சுமார் 7.9 கோடி யுவான். நிறுவனத்தின் மொத்த விற்பனையோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடிய விளம்பரச் செலவுதான்.

சுமையைப் பங்கிட்ட விதத்தில்தான் சிக்கல் வந்தது. இணைய விற்பனைக்கான பணத்தை நிறுவனம் ஏற்றது. நேரடிக் கடைகளில் விற்றதற்கு அந்தந்தப் பகுதி விநியோகஸ்தர்கள் பொறுப்பு. நெருக்கடியில் இருக்கும் ஒரு விநியோகஸ்தரிடம் வாங்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். விளம்பரத்தில் பார்த்தது பெரிய நிறுவனத்தின் பெயரை, பணத்துக்குக் காத்திருப்பதோ வேறொருவரிடம். இணையத்தில் வாங்கிய பலருக்கும் ரொக்கம் வரவில்லை. அந்தந்த விற்பனைத் தளத்தில் மட்டும் செலவழிக்கக்கூடிய அட்டையாக வந்தது. "முழுப் பணம்" என்று படித்துவிட்டு வாங்கியவர்களுக்குக் கோபம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. அட்டையும் ரொக்கமும் ஒன்றல்ல. வாடகையை அட்டையால் கட்ட முடியாது.

அதனால் இப்படிப்பட்ட சலுகையில் எந்த அணி வெல்லும் என்று யோசிப்பதற்கு முன், பணத்தை யார் தருவார், எந்த வடிவில் தருவார், எந்தத் தேதிக்குள் தருவார் என்று எழுத்தில் தேடுங்கள். இந்த மூன்றும் நிபந்தனைகளில் இல்லையென்றால் அதைச் சலுகையாகவே எண்ணாதீர்கள்.

கேள்வி: கோப்பை வெல்வது மட்டும்தான் நிபந்தனையாக இருக்குமா?

பதில்: எதுவாகவும் இருக்கலாம். அதே 2018-இல் பெல்ஜியத்தின் கிரேஃபெல் கடைகள் கோல் எண்ணிக்கையை வைத்தன. பெல்ஜியம் 16 கோல் அடித்தால் பெரிய தொலைக்காட்சி வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பும். அரையிறுதியில் பெல்ஜியம் தோற்றபோது கணக்கு 14. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்துச் சரியாக 16-ஐத் தொட்டது. யாரும் பெரிதாக மதிக்காத ஆட்டம் அது. தொலைக்காட்சி வாங்கியவர்களுக்கோ அதுதான் இறுதிப்போட்டி.

கேள்வி: நிறுவனங்களின் கணக்கு தவறியதே கிடையாதா?

பதில்: தவறியிருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் மெக்டொனால்ட்ஸ் நடத்தியது பணம் திருப்பித் தரும் திட்டம் இல்லை என்றாலும் அதற்கு நெருங்கிய உறவு. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் சீட்டில் உள்ள போட்டியில் அமெரிக்கா தங்கம் வென்றால் பிக் மேக் பர்கர் இலவசம், வெள்ளிக்கு உருளைக்கிழங்கு வறுவல், வெண்கலத்துக்குக் குளிர்பானம். 1976-இல் அமெரிக்கா வென்றது மொத்தம் 94 பதக்கங்கள். 1984 மே மாதம் சோவியத் யூனியன் புறக்கணிப்பை அறிவித்தது, கிழக்கு ஜெர்மனியும் வரவில்லை. அமெரிக்கா 83 தங்கம் உட்பட 174 பதக்கங்களை அள்ளியது. விளையாட்டு வீரர்களின் திறமையை எடைபோடலாம், அரசுகளின் முடிவை எப்படி எடைபோடுவது? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்த உதாரணம் இதுதான்.

கேள்வி: கோயம்புத்தூரில் பர்னிச்சர் கடை வைத்திருக்கிறேன். ஐ.பி.எல். சமயத்தில் இதை நான் செய்யலாமா?

பதில்: வழக்கறிஞரைப் பார்க்காமல் பலகை வைக்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ஐப் படியுங்கள். விற்பனையைப் பெருக்குவதற்காகப் போட்டியோ குலுக்கலோ அதிர்ஷ்ட விளையாட்டோ நடத்துவதை, விதிகளில் அனுமதிக்கப்பட்டவை தவிர, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அது வகைப்படுத்துகிறது. பரிசுத் திட்டம் முடிந்தபின் முடிவை மறைப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஹூஸ்டன்காரரைப் போல எதிர்ப்பந்தயம் கட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30-இன்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்றாலும் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நேரடியான தள்ளுபடியைக் கொடுங்கள் என்பதே என் யோசனை.

கேள்வி: அக்கா, எங்களுக்கு 2,200 டாலருக்கு ஒரு மெத்தை தேவை. 3,000 டாலருக்கு வாங்கினால்தான் சலுகை என்று கடையில் சொல்கிறார்கள். இன்னொரு 800 டாலருக்கு ஒரு நாற்காலியும் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். அணி வெல்லப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறதாம்.

பதில்: பத்தில் ஒரு வாய்ப்பு என்றால் 3,000 டாலர் திரும்பும் என்ற நம்பிக்கையின் மதிப்பு 300 டாலர். அதற்காகத் தேவையில்லாத நாற்காலிக்கு 800 டாலர் கொடுக்கப் போகிறீர்கள். வீட்டில் அந்த நாற்காலிக்கு இடமும் உபயோகமும் இருக்கிறதென்றால் அது வேறு. இல்லையென்றால் மெத்தையை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்ற கடைகளில் அதே மெத்தை என்ன விலை என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.