சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய் செல் பட்டினியில் செத்துவிடுமா?

அம்மாவுக்கு கீமோ நடக்கிறது, "புற்றுநோய்க்குத் தீனியே சர்க்கரைதான், சோறு, பால், பழம் எல்லாவற்றையும் நிறுத்து" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் டாக்டர் இல்லை, செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். அதனால் காரணத்தை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. அதுதான் தொல்லை. புற்றுநோய் செல்களை வளர்க்கும் திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும். புதிதாக ஊற்றும்போது நல்ல சிவப்பு. செல்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளத் தள்ள, ஆரஞ்சாகி, கவனிக்காமல் விட்டால் மஞ்சளாகிவிடும். வெள்ளிக்கிழமை மாற்ற மறந்த தட்டை திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் எலுமிச்சை நிறத்தில் இருக்கும். இதைத்தான் 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அளந்து பார்த்தார்: ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் கட்டி செல்கள் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் பாதியிலேயே விட்டுவிடுகின்றன. புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று தேடும் பெட் ஸ்கேன் நடப்பதும் இதை வைத்துத்தான். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற பொருளை ஊசியில் போட்டால், அதை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். மூளையும் அப்படியே பளிச்சிடும் என்பதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு சுமார் 30 கிடைக்கும். பாதியில் விட்டால் 2தான். பிறகு ஏன் இந்த ஊதாரித்தனம்? செல்லுக்குள் குளுக்கோஸை முழுதாக எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி பழுதாகிவிட்டது என்று வார்பர்க் நினைத்தார். ஆனால் பெரும்பாலான கட்டிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. இப்போது பலர் ஏற்கும் விளக்கம் இது: ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் டிஎன்ஏ, கொழுப்பு, புரதம் எல்லாம் புதிதாக வேண்டும், அவற்றுக்கான கார்பன் குளுக்கோஸிலிருந்தும் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் வருகிறது. வீடு கட்டுகிறவன் சாரத்து மரத்தை அடுப்பில் வைக்க மாட்டான் இல்லையா, அந்தக் கணக்கு. கிருமியை எதிர்க்கப் பெருகும் வெள்ளை அணுக்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

சரி, சாப்பாட்டில் குறைத்தால்? ரத்த குளுக்கோஸ் விழாது. கல்லீரல் விடாது. தசைப் புரதத்தை உடைத்தாவது குளுக்கோஸ் செய்து, மூளைக்கும் மற்றவற்றுக்கும் அனுப்பும். கட்டி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இளைப்பது அம்மா மட்டும். எடை இறங்கினால் கீமோவைத் தாங்குவது கடினம், டோஸைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டிவரும்.

செல்லைப் பட்டினி போடுவதே நடக்காத காரியம் என்று சொல்லவில்லை. 1953இல் ஜான் கிட் என்ற ஆய்வாளர் கினிப்பன்றியின் சீரத்தை (ரத்தத்தில் செல்களை நீக்கியபின் மிஞ்சும் தெளிந்த நீர்) போட்டு எலிகளில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகளைச் சுருங்கவைத்தார். அந்தச் சீரத்தில் இருந்த அஸ்பராஜினேஸ் என்ற நொதிதான் காரணம் என்று அடுத்த பத்தாண்டில் தெரிந்தது. சில ரத்தப் புற்றுநோய் செல்களுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு தாமே செய்துகொள்ளத் தெரியாது. நொதி ரத்தத்திலுள்ளதை உடைத்துவிட்டால் அவை சாகும், மற்ற செல்கள் சமாளித்துக்கொள்ளும். குழந்தைகளின் லுக்கீமியாவுக்கு இன்றும் இந்த மருந்து உண்டு. சாப்பாட்டால் இதைச் சாதிக்க முடியாது, உடம்பே அஸ்பராஜினைச் செய்துகொள்ளும்.

சமீபத்திய ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்தது ஐடிஹெச் என்ற நொதியின் கதை. சில மூளைக் கட்டிகளில் இந்த நொதியின் மரபணு மாறியிருப்பது 2008இல் தெரியவந்தது. மாறிய நொதி வழக்கத்துக்கு விரோதமான ஒரு பொருளை உற்பத்தி செய்கிறது, அது மரபணுக்கள் வேலை செய்வதைக் கட்டுப்படுத்தும், அவற்றின் மேலுள்ள மெத்தில் என்ற வேதிக் குறிகளை நீக்க விடாமல் தடுத்து, செல்லை முதிர விடாமல் வைத்திருக்கிறது. அந்த நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் என்ற மருந்துக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல்லின் வளர்சிதை மாற்றத்தில் எந்த இடம் கோணலோ அங்கே மட்டும் கை வைக்கிறார்கள். இனிப்பை நிறுத்துவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

மாவுச்சத்தை மிகவும் குறைத்து கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவைப் பற்றியும் யாராவது அனுப்புவார்கள். 2018இல் வந்த எலி ஆய்வில், பிஐ3கே என்ற, செல் வளரத் தூண்டும் நொதியைத் தடுக்கும் மருந்தோடு சேர்த்தபோது கீட்டோ உணவு உதவியது. அதே ஆய்வில், மருந்தில்லாமல் கீட்டோ மட்டும் கொடுத்த லுக்கீமியா எலிகளுக்கு நோய் வேகமெடுத்தது. ஃபார்வர்டில் முதல் பாதிதான் வரும்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் விஷயம் வேறு. கீமோவோடு வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முட்டை, பருப்பு, தயிர், சோறு என்று வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள். பால் டீயில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்காக வீட்டில் சண்டை வேண்டாம்.