ஆட்டோ டெபிட் ஓடிக்கொண்டிருக்கும் வங்கிக் கணக்கை மூடுவது எப்படி?

வேலை மாறியதால் பழைய சம்பளக் கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிட்டது என்றும், அதில் வீட்டுக் கடன் தவணையும் இரண்டு காப்பீட்டு பிரீமியங்களும் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் முதலீடு செய்யும் ஒரு எஸ்ஐபியும் ஓடுகின்றன என்றும், ஆட்டோ டெபிட் இருப்பதால் கணக்கை மூட முடியாது என்று கிளையில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2022இல் நான் அதைத்தான் செய்தேன். என் தாயாரின் மருத்துவக் காப்பீட்டை இழக்கும் நிலைக்கு அது என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் புதிய நிறுவனத்தில் சேர்ந்த பிறகு பழைய கணக்கிலிருந்த தொகையை எல்லாம் புதிய கணக்குக்கு அனுப்பிவிட்டு, 1,200 ரூபாயை மட்டும் விட்டுவைத்தேன். மாதம் 10ஆம் தேதி போகும் எஸ்ஐபிக்காக அந்த மியூச்சுவல் ஃபண்டின் இணையதளத்திலேயே புதிய வங்கிக் கணக்கைப் பதிவு செய்துவிட்டதால், அது இனி புதிய கணக்கிலிருந்துதான் போகும் என்று நம்பினேன். அங்கே நான் மாற்றியது, யூனிட்டுகளை விற்றால் பணம் வந்து சேரவேண்டிய கணக்கை மட்டுமே. தவணையை எடுத்துக்கொள்ள நான் கொடுத்திருந்த அனுமதியாகிய மேண்டேட் பழைய கணக்கின் மீதே இருந்தது. ஏப்ரலில் தவணை பவுன்ஸ் ஆனது. 500 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590 ரூபாய் பிடித்தார்கள். மே மாதம் இன்னொரு 590. மிச்சம் 20 ரூபாய் இருந்த கணக்கின் மீது ஜூனில் மூன்றாவது கட்டணமும் விழுந்தது. தொடர்ந்து மூன்று மாதம் பணம் வராததால் எஸ்ஐபி தானாக ரத்தானது.

இதுவரை போனது பணம் மட்டும்தான். ஆண்டுக்கு ஒரு முறை செப்டம்பரில் போகும் தாயாரின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் அதே கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது என்பது என் நினைவிலேயே இல்லை. நவம்பரில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்வதாக இருந்ததால், மருத்துவமனையில் காப்பீட்டு விவரம் கேட்டார்கள். பாலிசியைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் அது காலாவதியாகி 26 நாட்கள் ஆகியிருந்தது தெரிந்தது. ஆண்டு பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 30 நாட்கள். அன்றே பணம் கட்டியதால் பாலிசியின் தொடர்ச்சி காப்பாற்றப்பட்டது. இன்னும் ஐந்து நாட்கள் கடந்திருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைக்க அவர் கடந்து வந்திருந்த காத்திருப்புக் காலம் முழுவதும் வீணாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்திருக்கும். காலாவதியாகியிருந்த அந்த 26 நாட்களில் அவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது என்பதை இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் காரணம், ஆட்டோ டெபிட் என்பது நம் கணக்குக்குள் இருக்கும் ஒரு வசதி என்று நான் எண்ணியிருந்ததுதான். உண்மையில் அது, நம் கணக்கிலிருந்து இன்ன தொகை வரை எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது ஒருவருக்கு நாம் எழுதிக்கொடுத்த அனுமதி. கடன் தவணை, எஸ்ஐபி போன்றவற்றில் பெரும்பாலானவை தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் நாச் முறையில் போகின்றன; ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யுஎம்ஆர்என் எனப்படும், எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த 20 இட அடையாள எண் உண்டு. டெபிட் கார்டின் மீது கொடுத்த அனுமதி தனி. 2020இல் வந்த யுபிஐ ஆட்டோபே அதிலும் தனி. பணத்தை எடுத்துவிடுவதாலோ கணக்கை மூடுவதாலோ, அனுமதி பெற்றவருக்கு அது போய்ச் சேர்வதில்லை. அவர் வழக்கமான தேதியில் பணம் கேட்டு, அது திரும்பி வரும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியும். அந்தத் திரும்புதலுக்கு வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்தவர் தன் பங்குக்கு இன்னொரு கட்டணமும் விதிப்பது வழக்கம்.

ஆகவே முதலில் எத்தனை அனுமதிகள் கொடுத்திருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மாத ஸ்டேட்மென்ட் போதாது. பதின்மூன்று மாதங்களுக்கு எடுங்கள். மாதத் தவணை நமக்கு நினைவிருக்கும். நம்மைக் கவிழ்ப்பது ஆண்டுக்கொரு முறை வருவதுதான். விவர வரியில் ஏசிஎச், நாச், ஈசிஎஸ், எஸ்ஐ என்று வரும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தால், அவை பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளுக்கானவை. சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு லட்ச ரூபாய்க்கான காப்பு, கணக்கை மூடினால் அந்தக் காப்பும் முடிந்துவிடும். புதிய வங்கியில் உடனே சேர்ந்துகொள்ளலாம் என்றாலும், ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாட்களில் விபத்தல்லாத மரணத்துக்கு இழப்பீடு கிடையாது.

ஸ்டேட்மென்ட்டில் தெரியாத அனுமதிகளும் இருக்கும். கடைசியில் நான் கணக்கை மூடுவதற்காகக் கிளைக்கு நேரில் போனபோது, அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று வரிகள் இருந்தன. எஸ்ஐபியும் காப்பீடும் நான் எதிர்பார்த்தவை. மூன்றாவது, 2019லேயே கடைசித் தவணை கட்டி முடித்து, தடையில்லாச் சான்றும் வாங்கிவிட்ட இருசக்கர வாகனக் கடனுக்கானது. அதன் முடிவுத் தேதி இருக்க வேண்டிய இடத்தில், ரத்து செய்யும் வரை செல்லும் என்று இருந்தது. மாதத் தவணையைப் போல இரு மடங்கு தொகைக்கு அந்த அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பணம் செலுத்தும் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு வந்தேன். நீங்களும் கிளையில் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். பல வங்கிகளின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். யுபிஐ ஆட்டோபே அனுமதிகள் நீங்கள் பயன்படுத்தும் செயலியிலேயே இருக்கும்.

அடுத்தது வரிசை. மிக முக்கியமானதும் அதுதான். பழையதை முதலில் ரத்து செய்யாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்திடம் புதிய கணக்கின் பேரில் மேண்டேட் பதிவு செய்து, ஒரு தவணையாவது புதிய கணக்கிலிருந்து போனதைக் கண்ணால் பார்த்த பிறகு பழைய மேண்டேட்டை ரத்து செய்து, அதற்கும் பிறகே கணக்கை மூடுங்கள். இணைய வழியில் பதிவு செய்தால் சில நாட்களில் முடியும். காகிதப் படிவம் என்றால் வாரக்கணக்கில் ஆகலாம். இரண்டு கணக்கிலும் பணம் வைத்திருக்க வேண்டிய அந்த ஒரு மாதம் சிரமமானதுதான். ஆனால் வேறு பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டுக் கடன் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கணக்கில் போதிய பணம் இல்லாததால் மின்னணுத் தவணை திரும்புவது, காசோலை திரும்புவதைப் போலவே குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முதலில் நோட்டீஸ் வரும், பணம் கட்ட 15 நாட்கள் அவகாசமும் உண்டு என்பதால் ஒரு தவணை தவறியதற்காக அஞ்சவேண்டியதில்லை. ஆனால் முகவரி மாறி நோட்டீஸ் கைக்கு வராதவர்கள் உண்டு. கடன் வாங்கியபோது பாதுகாப்புக்காகக் காசோலைகள் கொடுத்திருக்கிறீர்களா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். பழைய கணக்கின் காசோலைகள் அவர்களிடம் இருக்கும்போது கணக்கை மூடுவது ஆபத்து. கணக்கு மூடப்பட்டது என்ற காரணத்தோடு திரும்பும் காசோலையும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1999லேயே சொல்லிவிட்டது. புதிய காசோலைகளைக் கொடுத்துப் பழையவற்றை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள்.

கிளையில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். அதே வங்கியில் வாங்கிய கடனோ, லாக்கரோ, வைப்பு நிதியோ அந்தக் கணக்கோடு இணைந்திருந்தால் அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. வெளியாருக்குக் கொடுத்த மேண்டேட் என்றால், அதை ரத்து செய்யும்படி உங்கள் வங்கியிடமே எழுத்துமூலம் கேட்கலாம். பணம் பெறுபவரின் சம்மதக் கடிதம் கொண்டுவா என்று அலைக்கழிக்கத் தேவையில்லை. யுஎம்ஆர்என் எண்களைக் குறிப்பிட்டு இரண்டு படிகள் எழுதி, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டபோது முடியாது என்ற அதே முகப்பில், கடிதத்தை நீட்டியபோது எனக்கு வேலை நடந்தது. புகாராகக் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் போட்டே ஒரு சேமிப்புக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2015 ஏப்ரல் முதல் விதித்திருக்கிறது. இந்த விதியை நம்பித்தான் பலரும் கணக்கைக் காலி செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நானும் அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அது குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்துக்கு மட்டும்தான், தவணை திரும்பியதற்கான கட்டணத்துக்குப் பொருந்தாது என்று அவர் விளக்கினார். படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பாக்கியைக் கட்டிய பிறகே என் கணக்கு மூடப்பட்டது.

மூடும் நாளுக்கு முன் செய்யவேண்டியவை சில. இணையச் சேவை நின்றுவிடும் என்பதால், வருமான வரிக்கும் பிறகு எழும் தகராறுகளுக்கும் தேவைப்படும் ஸ்டேட்மென்ட்டுகளை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே வரும் பணத்தையும் மறக்காதீர்கள்: எரிவாயு மானியம், வரி ரீஃபண்ட், பங்கு ஈவுத்தொகை ஆகியவற்றுக்குப் புதிய கணக்கைப் பதிவு செய்யுங்கள். அரசின் நேரடி மானியங்கள் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை அதற்கென இணைத்தீர்களோ அங்கேதான் போகும். கணக்கு மூடப்பட்டது என்று வங்கியிடமிருந்து எழுத்துமூலம் ஒரு சான்றும் வாங்கிவிடுங்கள்.

குறைந்தபட்ச இருப்பு ஒன்றுதான் உங்கள் பிரச்சினை என்றால், மூடாமலேயே அதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கேட்கலாம். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பதே முக்கிய நிபந்தனை. கணக்கு எண் மாறாது என்று கிளையில் உறுதி செய்துகொண்டால் மேண்டேட்டுகளைத் தொடவே வேண்டியதில்லை. தாயாரின் பாலிசி ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணக்கை நான் மூடாமல் இப்படி மாற்றியிருக்கலாம். அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக் கடன் தவணை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதத் தவணை போன மறுநாளே கடன் நிறுவனத்திடம் புதிய மேண்டேட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அடுத்த 5ஆம் தேதிக்குள் அது பதிவாக நான்கு வாரங்கள் கிடைக்கும். அதுவரை பழைய கணக்கில் ஒரு தவணைத் தொகை இருக்கட்டும்.