மைதானத்து ஓரம்: கூடை நட்டாச்சு, ஆள் எங்கே?

கேள்வி: டீச்சர், பின்லாந்தில் படித்த இரண்டு வருடத்தில் டிஸ்க் கோல்ஃப் பழகிக்கொண்டேன். பிளாஸ்டிக் தட்டைத் தூரத்திலிருந்து வீசி, கம்பத்தில் இருக்கும் கூடைக்குள் போடும் ஆட்டம் அது. அங்கே ஊருக்கு ஊர் பூங்காவிலேயே கூடை நட்டிருப்பார்கள், காசில்லாமல் ஆடலாம். ஊருக்குத் திரும்பியதும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பொட்டலில் 9 கூடை நட்டோம். பொங்கலுக்குப் போட்டி வைத்துக் கோப்பையும் கொடுத்தோம். அன்று 30 பேர் வந்தார்கள். இப்போது மறுபடியும் அதே நாலு பேர்தான். என்ன செய்யலாம்?
- வாசகர், கோட்டையூர்

பதில்: தம்பி, நீங்கள் போட்டியை முதலில் வைத்துவிட்டீர்கள். அன்று வந்த 30 பேரில் ஜெயித்த மூன்று பேருக்குக் கோப்பை கிடைத்தது. மற்றவர்கள் முதல் முறையாகத் தட்டைக் கையில் எடுத்த அன்றே தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் எதற்கு வருவார்கள்?

நான் 27 வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு இந்த விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, ஒரு பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்கினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே கேட்டைப் பூட்டிவிட்டார்கள். 14 பிள்ளைகளோடு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். வேறு வழியில்லாமல் எங்கள் ஊர்க் குளிக்கிற ஊருணிக் கரைக்குக் கூடைகளைக் கொண்டுபோனோம். (குடிநீர் ஊருணிப் பக்கம் போகவே இல்லை, நீங்களும் போகாதீர்கள்.) அங்கே போன பிறகுதான் ஆள் சேர்ந்தது.

காரணம், சாயங்காலம் அந்தக் கரையில் ஊரே இருக்கும். நடக்கிறவர்கள், மாடு ஓட்டிப் போகிறவர்கள், படித்துறையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார். அவர்களில் எழுபது வயது ஆச்சி ஒருவர் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், "ஏத்தா, கூடைக்கு மேல சங்கிலிய எதுக்குத் தொங்க விட்டிருக்கீக?" என்றார். பதில் சொல்லாமல் ஒரு தட்டைக் கையில் கொடுத்து, கூடையிலிருந்து ஆறு தப்படி தள்ளி நிறுத்தினேன். முதல் வீச்சு கூடைக்கு முன்னாலேயே விழுந்தது. இரண்டாவது தாண்டிப் போனது. மூன்றாவது சங்கிலியில் பட்டு, சலார் என்று சத்தம் போட்டுக் கூடைக்குள் விழுந்தது. ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னொண்ணு குடு" என்றார். மறுநாள் தம் கொழுந்தியாளையும் கூட்டி வந்தார்.

அந்தச் சத்தம்தான் ஆளைக் கூட்டி வரும், தம்பி. ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்துத்தான் வீசினார்கள். 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் தளத்தை அமைத்த எட் ஹெட்ரிக், பிறகு சங்கிலிக் கூடையைக் கொண்டுவந்தார். தட்டு பட்டதா இல்லையா என்ற சண்டை அதோடு ஓய்ந்தது. சங்கிலி வேகத்தையும் தடுத்து, தட்டைக் கூடைக்குள் இறக்கிவிடும்.

எங்கள் கூடைகள் வெல்டிங் பட்டறையில் செய்தவை. மேலே பழைய சைக்கிள் ரிம். முதலில் காரைக்குடியில் பழைய சாமான் கடையில் ஊஞ்சல் சங்கிலி வாங்கிக் கட்டினோம். அது கனம், தட்டு பட்ட வேகத்தில் வெளியே தெறித்தது. நாய் கட்டும் மெல்லிய சங்கிலியை உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று தொங்கவிட்ட பிறகு சரியாகிவிட்டது.

உங்கள் 9 கூடையில் மூன்றைப் பிடுங்கி, ஆள் நடமாடும் பாதையோரம் நடுங்கள். நாற்பது தப்படிக்கு மேல் தூரம் வேண்டாம். பக்கத்து டீக்கடையில் பத்துத் தட்டும் ஒரு நோட்டும் வையுங்கள். பெயர் எழுதிவிட்டு யாரும் எடுத்து ஆடட்டும், முன்பணம் கேட்காதீர்கள். வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை 6 மணி என்றால் 6 மணிதான். இரண்டு பேர் வந்தாலும் ஆடுங்கள். ஒரு வாரம் விட்டால், அடுத்த வாரம் வர நினைத்தவர்கூட வரமாட்டார்.

போட்டி வைத்தே ஆகவேண்டுமென்றால் ஜோடி ஆட்டம் வையுங்கள். பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர். இருவரும் வீசுவார்கள், எது நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து இருவரும் அடுத்ததை வீசுவார்கள். புதியவர் எவ்வளவு மோசமாக வீசினாலும் ஜோடிக்கு நஷ்டமில்லை. நன்றாக விழுந்த ஒன்றை மட்டும் அவர் வீட்டில் போய்ச் சொல்வார்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. டிஸ்க் கோல்ஃப் ஆட ஆசையாகப் போனாள், பையன்கள்தான் இருக்கிறார்கள் என்று போவதை நிறுத்திவிட்டாள். வற்புறுத்தலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: வற்புறுத்தாதீர்கள் அம்மா. என்ன நடந்தது என்று மெதுவாகக் கேளுங்கள். நான் பார்த்தவரை, பெண் பிள்ளை ஒவ்வொரு முறை வீசும்போதும் நாலு பையன்கள் "இப்படிப் பிடி, அப்படித் திருப்பு" என்று திருத்த வந்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் பிள்ளை கூசிப்போகிறது. எங்கள் கரையில் ஒரே விதி: கேட்டால் ஒழிய யாரும் யாருக்கும் சொல்லித்தரக் கூடாது.

இன்னொன்று, நீங்களும் கூடப் போய் ஒரு தட்டு வீசுங்கள். ஒரு பெண் தனியாக இருந்தால் தொடர்ந்து வரமாட்டாள், மூன்று பேர் இருந்தால் நான்காவது ஆள் தானே வரும். 2012-ல் பல நாடுகளில் பெண்கள் மட்டும் ஒரே நாளில் ஆடும் போட்டியைத் தொடங்கியதும் இதற்காகத்தான். எஸ்டோனியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்த கிறிஸ்டின் டாட்டார் 2022, 2023 இரண்டு வருடமும் உலகப் பட்டம் வென்றார். மகளுக்கு அவர் ஆடும் வீடியோவைக் காட்டுங்கள்.

கேள்வி: புதிதாக ஆடுபவர் எந்தத் தட்டு வாங்கவேண்டும்?
- வாசகர், புதுவயல்

பதில்: ஒரே ஒரு பட்டர் போதும், கிட்ட இருந்து கூடைக்குள் போடுவதற்கான தட்டு அது. விளிம்பு மழுங்கலாக இருக்கும், மெதுவாக நேராகப் போகும். தூரம் போகுமென்று டிரைவர் என்ற கூர்விளிம்புத் தட்டை வாங்காதீர்கள். அதற்குக் கைவேகம் வேண்டும், அது இல்லாதபோது வலது கைக்காரர் பின்கையால் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்) வீசுவது சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து விழும். பிள்ளைகளுக்கு 150 கிராம் அளவில் லேசானதாகப் பாருங்கள்.

வாங்கியதும் அடிப்பக்கத்தில் மார்க்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலான தட்டுகள் மூழ்கிவிடும். போன சித்திரையில் எங்கள் ஊருணி வற்றியபோது சேற்றிலிருந்து மூன்று எடுத்தோம். பெயர் இருந்த இரண்டும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது டீக்கடையில் இருக்கிறது, பச்சை நிறம்.