வாங்குவோர் கேள்வி-பதில்: பெட்டியில் 98, டிராக்கில் 106

காசு கட்டிச் சொந்த பைக்கைப் பந்தய டிராக்கில் ஓட்டும் டிராக் டே சீசன் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி சைலன்சரைப் பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளை எடுத்துவிட்டேன். அவற்றில் சில எனக்கானவை.

கேள்வி: இணையத்தில் ஒரு ஸ்லிப்-ஆன் சைலன்சர் (குழாயின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவது) வாங்கினேன். விளம்பரத்திலும் பெட்டியிலும் '98 டெசிபல், டிராக்குக்கு ஏற்றது' என்று இருந்தது. டிராக்கில் வரம்பு 102. சோதனையில் 106 காட்டியது, காலையிலேயே ஓரம் கட்டிவிட்டார்கள். நுழைவுக் கட்டணமும் போச்சு. விற்றவரோ 'எங்கள் அளவு சரிதான்' என்கிறார்.

பதில்: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். எனக்குக் கோபமே அதில்தான்.

டெசிபல் எண் மட்டும் தனியாக நின்றால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு தூரத்தில், எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) என்ற இரண்டும் கூடவே வர வேண்டும். நிறுத்தி வைத்து அளக்கும் சோதனையில் மைக்கை சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில், வாயின் உயரத்திலேயே வைப்பதுதான் வழக்கம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அரை மீட்டரில் 106 காட்டிய உங்கள் பைக், ஒரு மீட்டரில் 100 காட்டும். இரண்டு மீட்டரில் 94. விற்றவர் ஒன்றேகால் மீட்டர் தள்ளி மைக்கை வைத்திருந்தால் அவருடைய 98 வந்துவிடும். அதே பைக், அதே சத்தம், பெட்டியில் மட்டும் வேறு எண்.

அடுத்தது ஆர்பிஎம். டிராக்கில் உங்கள் எஞ்சினுக்கு என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். ஆக்ஸிலேட்டரை அங்கே பிடித்து நிறுத்தச் சொல்லி அளப்பார்கள். உச்ச பவர் வரும் ஆர்பிஎம்மில் பாதி என்பது ஒரு வழி. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 11 மீட்டர் வரும் இடத்தில் அளப்பது இன்னொரு வழி, 55 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்) உள்ள எஞ்சினுக்கு அது 6,000 ஆர்பிஎம். ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து அளந்தால் எந்தச் சைலன்சரும் சாதுதான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: சத்தத்தைக் குறைக்க வாய்க்குள் செருகும் டிபி கில்லரோடு அளந்தார்களா, கழற்றிவிட்டா? கழற்றிய நிலையில் படம் எடுத்துப் போட்டு, மாட்டிய நிலையில் அளந்த எண்ணைப் பக்கத்தில் எழுதும் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன்.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். 'டிராக்குக்கு ஏற்றது' என்ற அந்த வரிதான் உங்கள் பிடி. விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். டிராக்கில் அளந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு விற்றவருக்கு எழுத்து மூலம் மூன்றே கேள்வி: எந்தத் தூரம், எந்த ஆர்பிஎம், டிபி கில்லர் இருந்ததா? பதில் இல்லையென்றால், சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று முழுத் தொகையையும் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் போடுங்கள். நுழைவுக் கட்டணத்தையும் கேட்டுப் பாருங்கள். கிடைப்பது கடினம், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: போனில் ஒரு ஆப் இறக்கி அளந்தேன். 97 காட்டுகிறது. நம்பிப் போகலாமா?

பதில்: கூடாது. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பெரிய சத்தத்தை அதுவே அமுக்கிவிடும். அதனால் மலிவாக ஓர் ஒலி மீட்டரை நான் வாங்கினேன். மூடிய ஷெட்டிலும் வெட்டவெளியிலும் ஒரே எண்ணைக் காட்டும் மன உறுதி அதற்கு இருந்தது. முதல்முறை போகிறவர் டிராக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் மீட்டரிலேயே அளந்துகொள்வதுதான் வழி.

கேள்வி: சோதனையில் பாஸ். ஸ்டிக்கர் ஒட்டியும் அனுப்பினார்கள். மதியம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கொடி காட்டி வெளியே அழைத்துவிட்டார்கள். 'ஓடும்போது சத்தம் அதிகம்' என்றார்கள். பாஸ் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்வது மோசடி இல்லையா?

பதில்: இல்லை. நிறுத்தி வைத்து அளப்பது ஒன்று, ஓட்டத்தில் அளப்பது வேறொன்று. முதலாவதில் எஞ்சினுக்குப் பளு கிடையாது. இரண்டாவதில் முழு ஆக்ஸிலேட்டர், உச்ச ஆர்பிஎம்; சைலன்சர் மட்டுமா, ஏர்பாக்ஸ் காற்றை இழுக்கும் இரைச்சலும் ஓரத்து மைக்கில் விழும். அமெரிக்காவின் லகூனா செகா டிராக்கில் பெரும்பாலான நாட்களில் ஓட்டத்தில் அளக்கும் வரம்பு 90 டெசிபல் அளவில்தான். அங்கே போகிறவர்கள் சைலன்சர் வாயில் வளைந்த குழாய் மாட்டி, சத்தத்தை மைக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவது ஊரறிந்த தந்திரம்.

நீங்கள் அனுப்பிய டிக்கெட் நகலிலேயே இரண்டு வரம்பும் அச்சாகியிருக்கிறது. இரண்டாவது வரி. படித்தீர்களா?

கேள்வி: டிராக் பல காலமாக இருக்கிறது. பக்கத்தில் பிறகு வந்து வீடு வாங்கியவர்கள் புகார் செய்ததால் வரம்பைக் குறைத்துவிட்டார்களாம். முதலில் இருந்தது டிராக்தானே? காசு கொடுக்கும் நாங்கள் ஏன் அனுபவிக்க வேண்டும்?

பதில்: 'முதலில் வந்தது யார்' என்ற வாதம் நீதிமன்றத்தில் அடிபட்டுவிட்டது. இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் ஒரு பந்தய மைதானம் 1970களிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. 2006இல் ஒரு தம்பதி அருகே வீடு வாங்கினார்கள், சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். தெரிந்தேதான் வந்தீர்கள் என்பது பதிலாகாது என்று 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே 2009இல் கிராஃப்ட் டிராக் வழக்கில், அதிகச் சத்தம் போடும் நாட்களை வருடத்துக்கு 40 ஆக மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டிப்போட்டது. இப்படி நாள் கணக்கு வைத்துப் பிழைக்கிற இடத்தில் உங்கள் ஒரு பைக் வரம்பைத் தாண்டினால், கேள்வி வருவது டிராக் நடத்துபவர்களுக்கு.

வரம்பைக் குறைத்தது உங்களிடம் காசு வாங்கிய பிறகு என்றால் கதை வேறு. அப்போது பணத்தைக் கேளுங்கள், நான் உங்கள் பக்கம்.

கேள்வி: சோதனை முடிந்ததும் டிபி கில்லரைக் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

பதில்: அந்த டிராக்கில் இருக்கிற எல்லாருக்கும்.

கேள்வி: இரண்டு வருடமாக இதே சைலன்சர், இதே டிராக். முன்பு 101 காட்டியது இப்போது 104. எதையும் மாற்றவில்லை. புதியது வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள். 3 டெசிபல் என்றால் ஒலி ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பு, சும்மா வராது. ஆனால் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. சைலன்சருக்குள் ஓட்டை போட்ட குழாய் ஒன்று இருக்கும். அதற்கும் வெளிக் கூட்டுக்கும் நடுவே கண்ணாடி இழையோ பாசால்ட் இழையோ அடைத்திருப்பார்கள். சூட்டில் அது பொடிந்து, அந்த ஓட்டைகள் வழியாகவே வெளியேறிவிடும். ரிவெட்டைத் துளைத்து மூடியைக் கழற்றினால் இழை இருந்த இடத்தில் கரிப்பொடியும் வெற்றிடமும்தான் மிஞ்சியிருக்கும். கழற்றும் முன்பே இரண்டு அறிகுறி தெரியும்: குரல் கரகரவென்று மாறும், வெளிக் கூடு முன்பைவிடச் சுடும்.

புது இழை சுற்றி, புது ரிவெட் அடித்தால் வேலை முடிந்தது. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் தோலில் பட்டால் அரிக்கும். கையோடு, எஞ்சினிலிருந்து வரும் பெண்ட் பைப் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டையும் பாருங்கள். அங்கே கசிந்தாலும் எண் ஏறும். இந்த யோசனையை அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்று புதிதாக வாங்கிய ஒரு கார்பன் ஃபைபர் சைலன்சர் என் ஷெட்டில் சும்மா தொங்குகிறது. அதுவும் கார்பன் இல்லை, கார்பன் மாதிரி ஸ்டிக்கர்.

கேள்வி: பிரபல சைலன்சர் பிராண்டான அக்ரபோவிச் என்று சொல்லி விற்றார்கள். விலை பாதிதான். வந்து பார்த்தால் வெல்டிங் கோணல், சீரியல் நம்பர் இல்லை. டிபி கில்லர் முதல் நாளே பறந்துபோய் பின்னால் வந்தவர் பைக்கில் அடித்தது.

பதில்: அவருக்குக் காயம் இல்லை என்று பின்குறிப்பில் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இது போலி. பிரபலமான பெயர்களுக்கெல்லாம் போலி வருகிறது. இனி மாட்டாதீர்கள், அடுத்தவர் தலையிலும் கட்டாதீர்கள். பெயரை வைத்து ஏமாற்றியதற்காக விற்பனைத் தளத்தில் புகார் கொடுங்கள். போலி என்று சொல்லிக் கேட்டால் வெறும் 'பிடிக்கவில்லை'யைவிடச் சீக்கிரம் பணம் திரும்பும். நல்ல சைலன்சராக இருந்தாலும் டிபி கில்லர் பெரும்பாலும் ஒரே போல்ட்டில்தான் நிற்கும். அந்தப் போல்ட் தலையில் துளை போட்டு லாக் வயர் (போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் கம்பி) கட்டுங்கள்.

கேள்வி: பழைய பைக் ஒன்று பார்த்திருக்கிறேன். ரேஸ் சைலன்சர் மாட்டியிருக்கிறது. கம்பெனி சைலன்சர் விற்பவரின் தம்பி வீட்டில் இருக்கிறதாம், பிறகு அனுப்புகிறாராம்.

பதில்: அனுப்பமாட்டார். புதிதாக ஒரு கம்பெனி சைலன்சர் என்ன விலை என்று ஷோரூமில் கேளுங்கள், அதைப் பைக் விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம் தம்பி வீடு உடனே பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: டிபி கில்லர் போட்டால் பவர் குறையுமாமே?

பதில்: உச்ச ஆர்பிஎம்மில் கொஞ்சம் குறையலாம். புதியவர்கள் குரூப்பில் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: சத்தம் குறைந்த சைலன்சர் வாங்கினால் காதுக்கு நல்லதுதானே? தனியாகக் காதடைப்பான் வேண்டுமா?

பதில்: வேண்டும். வேகம் ஏறியதும் உங்கள் காதைப் பாதிப்பது சைலன்சரைவிட ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்று. பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிராக்கில் ஒரு செஷனே அதைத் தாண்டிவிடும். விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம்; தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை நான் வாங்கினேன், ஹெல்மெட் போடும்போதெல்லாம் அது பிடுங்கிக்கொண்டு வந்தது. சாதாரண நுரை அடைப்பான் போதும். மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும் வரை விரலை எடுக்காதீர்கள்.